பால்மரக் காட்டிலிருந்து பறந்த படிப்பு

1937ஆம் ஆண்டுக்குப் பிறகு ஈப்போவின் புரூஸ்டர் சாலையில், இன்று சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை என்கிறோமே அங்கே, ஒரு சீன மருத்துவர் கிளினிக் வைத்திருந்தார். காய்ச்சல், இருமல் என்று வந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார். ஏழைகளிடம் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தார் என்பார்கள். பெயர் வூ லியென் தே. 1879இல் பினாங்கில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்த முதல் சீன மாணவர். 1910-11இல் மஞ்சூரியாவில் சுமார் 60,000 பேரைப் பலிகொண்ட நுரையீரல் பிளேக் நோயை அடக்கியவர். அது காற்றில் பரவும் நோய் என்று கண்டு, துணியை அடுக்கிப் பஞ்சு வைத்துத் தைத்த முகக்கவசத்தை எல்லாரையும் போட வைத்தவர்.

இத்தனை பெரிய மருத்துவர் தன் வாழ்நாளின் சிறந்த முப்பது ஆண்டுகளைச் சீனாவில் கழித்தது ஏன்? 1903இல் அவர் பட்டத்தோடு மலாயாவுக்குத்தான் திரும்பினார். காலனி மருத்துவத் துறையில் மேல் பதவிகள் ஆங்கிலேயருக்கு மட்டும் என்றிருந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் கொஞ்ச காலம் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். பிறகு பினாங்கில் சொந்தமாக வைத்தியம் பார்த்தார். அபினுக்கு எதிராகப் பேசியதால் பகை வந்தது, வழக்கும் வந்தது. தியன்சினிலிருந்து ராணுவ மருத்துவக் கல்லூரிப் பதவிக்கு வந்த அழைப்பை ஏற்று 1908இல் கப்பல் ஏறிவிட்டார். மலாயாவுக்கு வேண்டாத மருத்துவர் சீனாவுக்குப் பயன்பட்டார்.

2021 ஜூலை 26ஆம் தேதி காலை 11 மணிக்கு நாடெங்கும் அரசாங்க மருத்துவமனைகளில் இளம் மருத்துவர்கள் கறுப்பு உடையில் வெளியே வந்து நின்றபோது எனக்கு வூ லியென் தேதான் நினைவுக்கு வந்தார். கோவிட் உச்சத்தில் இருந்த நேரம். அந்தப் பிள்ளைகள் நோயாளிகளைக் கைவிடவில்லை. கொஞ்ச நேரம் நின்று, பதாகை பிடித்து, வார்டுக்குத் திரும்பினார்கள். 2016 டிசம்பருக்கு முன்னால் மருத்துவம் முடித்து அரசாங்கத்தில் சேர்ந்தால் நிரந்தர வேலை. அதன் பிறகு ஒப்பந்தம். 2021 வரை ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்கள் 23,000க்கும் மேல். அவர்களில் நிரந்தரம் ஆனவர்கள் ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. ஒப்பந்தக்காரருக்கு வங்கியில் வீட்டுக்கடன் வாங்குவதே பாடு. சிறப்பு மருத்துவம் படிக்கலாம் என்றால் அதற்கும் வழி அடைபட்டிருந்தது. எலும்பு மருத்துவராகவோ இதய மருத்துவராகவோ ஆக வேண்டும் என்ற கனவோடு வந்தவருக்கு, ஒப்பந்தம் முடிந்ததும் என்ன ஆவோம் என்பதே தெரியாது. அதற்குப் பிறகு அரசாங்கம் ஒப்பந்தக் காலத்தை நீட்டியது, நிரந்தர இடங்களைக் கூட்டியது. ஆனால் இந்த இடைவெளியில் பலர் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் தேர்வு எழுதிவிட்டார்கள்.

அவர்களைப் பார்த்து "நாட்டுப்பற்று இல்லை" என்று சொல்பவர்களும் உண்டு. "சம்பளம்தான் காரணம்" என்று முடித்துவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே உண்மையைத் தொடவில்லை என்பது என் உறுதியான எண்ணம். 2011 ஏப்ரலில் உலக வங்கி மலேசியாவின் அறிவு வெளியேற்றம் பற்றி ஓர் அறிக்கை தந்தது. வெளிநாட்டில் வாழும் மலேசியர்கள் சுமார் 10 லட்சம் பேர், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் உயர்கல்வி பெற்றவர்கள் என்றது. பட்டம் பெற்ற மலேசியர் பத்துப் பேரில் இருவர் நாட்டுக்கு வெளியே இருந்தார்கள். ஏன் போனீர்கள் என்று வெளிநாட்டு மலேசியர்களிடம் கேட்டதற்கு, 66 சதவீதத்தினர் தொழிலில் முன்னேற வாய்ப்பு என்றார்கள். 60 சதவீதத்தினர் சமூக அநீதி என்றார்கள். சம்பளம் 54 சதவீதத்தோடு மூன்றாவதாகத்தான் வந்தது. கேட்கப்பட்டவர்கள் இருநூறு பேர் அளவில்தான். என்றாலும் அந்த வரிசை எனக்குப் புதிதாகப் படவில்லை. ஈப்போ புந்தோங்கில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டாலும் அதே வரிசையில்தான் சொல்வார்கள்.

தோட்டத்துக் கணக்கு வேறு

அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. சிங்கப்பூருக்குப் போன மலேசியர்களில் ஏறக்குறைய 90 சதவீதத்தினர் சீனர்கள். அப்படியானால் இது நம்முடைய கவலை இல்லை என்று ஒரு தமிழ் வாசகருக்குத் தோன்றலாம். எண்ணிக்கையில் நாம் சிறு பங்குதான். ஆனால் ஒரு தோட்டத்துக் குடும்பத்திலிருந்து ஒரு மருத்துவரோ பொறியாளரோ வர எத்தனை பேருடைய உழைப்பு வேண்டியிருந்தது என்று பார்த்தால், அந்தச் சிறு பங்கின் கனம் தெரியும்.

சுங்கை சிப்புட் பக்கம் எல்பில், டோவன்பி, ஹீவூட், கமுனிங் என்று தோட்டங்களின் பெயர் சொன்னால் பழைய ஆட்களுக்கு முகம் மலரும். அங்கே விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டு, பிறகு மங்கு மங்காகப் பால் எடுத்து வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலியும் குறையும். "நீயாவது படிச்சு வாளி தூக்காம பொழைக்கணும்" என்று சொல்லாத தாய் இல்லை. அந்தக் கூலியிலிருந்துதான் சீட்டுக் கட்டினார்கள், தாலிக்கொடியை அடகு வைத்தார்கள், ஓய்வுக்காலத்துக்கு இருந்த சேமநிதிப் பணத்தை எடுத்துக் கல்லூரிக் கட்டணம் கட்டினார்கள். தனியார் மருத்துவப் படிப்பென்றால் பல லட்சம் வெள்ளி. அப்படி ஒருவர் படித்து மெல்பர்னிலோ மான்செஸ்டரிலோ குடியேறும்போது, அவர் பின்னால் இரண்டு தலைமுறையின் சேமிப்பும் சேர்ந்து போகிறது. அவரைத் திருப்பி அழைக்க அரசாங்கம் பேசுகிறது. அந்தச் சேமிப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

படித்தவர்கள் வெளியேறும் இந்த நோயை மலேசியா கண்டுபிடித்ததும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் இதைப் பற்றி முதலில் அலறியது பிரிட்டன். அதன் விஞ்ஞானிகள் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதே காலத்தில் பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளை நிரப்பியவர்கள் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்த மருத்துவர்கள். மலாயாவிலிருந்து தாதிப் பயிற்சிக்குப் போன பெண்களும் அங்கே இருந்தார்கள். அவர்களில் பலர் திரும்பவே இல்லை. கயானா, ஜமைக்கா, ஹெய்ட்டி போன்ற நாடுகளில் பட்டதாரிகளில் பத்துக்கு எட்டுப் பேர் வெளியேறிவிட்டதாக ஆய்வுகள் காட்டின. பிலிப்பைன்ஸும் கேரளமும் தாதியரை அனுப்பினாலும், பதிலுக்குப் பெரும் பணம் ஊருக்கு வருகிறது. மலேசியாவுக்கு அந்த ஆறுதலும் அவ்வளவாக இல்லை. இங்கிருந்து போகிறவர் பெரும்பாலும் குடும்பத்தோடு போகிறார், அங்கேயே வீடு வாங்குகிறார்.

பேராக் ஒரு காலத்தில் வாங்கிய மாநிலம்

இன்று படித்தவர்களை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும், ஈப்போ இருக்கும் பேராக் மாநிலம், நூறு ஆண்டுகளுக்கு முன் பிற ஊர்களின் படித்தவர்களைத் தன் பக்கம் இழுத்தது. 1885 ஜூனில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை நாட்டின் முதல் ரயில் ஓடியது. அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்கள், ஸ்டேஷன் மாஸ்டர்கள், அளவையாளர்கள், மருத்துவ உதவியாளர்கள் வந்தார்கள். அமெரிக்க மிஷனரிகளும் பிறரும் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் பள்ளிகளைத் திறந்து நிறையப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருந்தார்கள். படித்தவர்களுக்கேற்ற வேலை அங்கே இல்லை. வேலை மலாயாவில் இருந்தது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் "மலாயன் பென்ஷனியர்" என்று ஒரு தனி வகுப்பே உருவானது. திரும்பி வந்தவர்கள் கல்வீடு கட்டினார்கள், கோயில் திருப்பணி செய்தார்கள். திரும்பாதவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஈப்போவிலும் தைப்பிங்கிலும் வழக்கறிஞர்களாகவும் மருத்துவர்களாகவும் இருக்கிறார்கள், அல்லது அங்கிருந்தும் பெர்த்துக்குப் போய்விட்டார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் பாட்டன்மாருக்கு ஆங்கிலப் பள்ளி வாய்க்கவில்லை. அவர்கள் கங்காணி கூட்டி வந்தவர்கள். 1877இல் பேராக் ரெசிடெண்டாக வந்த ஹியூ லோ கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாக இன்னும் நிற்கிறது. அதன் வாரிசுகளான பால்மரங்களுக்காகத்தான் அவர்கள் கூட்டி வரப்பட்டார்கள். தோட்டத்துக்குள் இருந்த தமிழ்ப்பள்ளி, பிள்ளையை எண்ணும் எழுத்தும் அறிந்த பால்வெட்டுக்காரனாக்கவே போதுமானதாக இருந்தது.

அந்த வட்டத்தை உடைக்கப் பார்த்த மனிதர் ஒருவர் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். 1919இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியிலும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்துவிட்டு ஊர் திரும்பினார். சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையை எழுப்பினார். 1954இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்தார். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்றபோது, தொழிலாளி தெருவுக்கு வந்தான். 1960இல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாக நடந்தார். கூலிப் பணத்தில் பங்கு வாங்கச் சொன்னார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். வெளியே படித்த ஒருவர் திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த பெரிய சான்று இதுதான்.

ஆனால் ஒரு கூட்டுறவுச் சங்கத்தால் எத்தனை தோட்டங்களை மீட்க முடியும்? 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானது. சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர்களில் சுமார் 60,000 பேர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். அடுத்து ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டாம். 1980களிலும் 90களிலும் தோட்டங்கள் வீட்டுமனையாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறின. இருபதாண்டுகளில் சுமார் 3 லட்சம் இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் இடம்பெயர்ந்தார்கள் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுவார்கள். தோட்டம் போனபோது வேலையோடு வீடும் கோயிலும் பள்ளியும் பிள்ளை மடுவமும் சேர்ந்தே போயின. நகரத்து ஓரத்தில் மலிவு விலை அடுக்குமாடியில் வந்து விழுந்த குடும்பத்தின் பிள்ளை, பதினைந்து வயதில் பள்ளியை விட்டு லாரி ஓட்டப் போனான்.

அறிவு வெளியேற்றம் பற்றிய எந்தப் புள்ளிவிவரத்திலும் அந்தப் பையன் இல்லை. அவன் எங்கேயும் போகவில்லை. அவனுக்குள் ஒரு பொறியாளர் இருந்தாரா, நல்ல தாதி ஒருவர் இருந்தாரா என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே யாருக்கும் கிடைக்கவில்லை. விமானம் ஏறியவர்களை எண்ணித்தான் ஒரு நாடு தன் இழப்பைக் கணக்கிடுகிறது. பேராக்கின் இழப்பில் பெரும்பகுதி அதற்கு முன்பே, துண்டாடப்பட்ட தோட்டங்களின் மண்சாலைகளிலேயே நடந்துவிட்டது. இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். போனவருக்கும் முளைக்காமல் போனவருக்கும் காரணம் ஒன்றே: உள்ளூரில் திறமைக்கு வழிவிடாத கதவு. வசதியுள்ளவர் அந்தக் கதவைச் சுற்றிக்கொண்டு வெளிநாட்டுக்குப் போனார். வசதியில்லாதவர் அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஈப்போவிலிருந்து எங்கே?

1957 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலாயாவிலேயே அதிக மக்கள் வாழ்ந்த மாநிலம் பேராக். 12 லட்சத்துக்கும் மேல். சிலாங்கூர் அப்போது 10 லட்சம்தான். 2020இல் சிலாங்கூர் 70 லட்சத்தைத் தொட்டுவிட்டது. பேராக் 25 லட்சத்தில் நிற்கிறது. 1985இல் ஈய விலை சரிந்தபோது கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் மூடின. அப்போது பேராக் சீன இளைஞர்கள் சுற்றுலாப் பயணிகளாக ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் பறந்து உணவகங்களிலும் கட்டுமானத்திலும் ஒளிந்து வேலை செய்தார்கள். ஈப்போவின் பல குடும்பங்களில் இந்தக் கதை உண்டு. நம்மவர்கள் முதலில் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் போனார்கள்: கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங். வெளிநாட்டுக் குடியேற்றம் பேராக்கைப் பொறுத்தவரை இரண்டாவது கட்டம்தான். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலைதான் முதல் கட்டம்.

அந்த நெடுஞ்சாலையின் தென்கோடியில் சிங்கப்பூர் இருக்கிறது. 1973 மே வரை ஒரு மலேசிய வெள்ளியும் ஒரு சிங்கப்பூர் வெள்ளியும் சரிசமம். இங்கே வாங்கும் நோட்டு அங்கே செல்லும். 2024இன் தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்றரை ரிங்கிட். ஒரே தாதி, ஒரே பயிற்சி, ஒரே எட்டு மணி நேர வேலை. பாலத்துக்கு அந்தப் பக்கம் மூன்று மடங்குக்கு மேல். மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டத்தைச் சிங்கப்பூர் அங்கீகரிக்கிறது, மலேசிய மருத்துவர்களைத் தேடி வந்தே நேர்காணல் வைக்கிறது. பயிற்றுவித்த செலவு நம்முடையது, பலன் அவர்களுடையது. பணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நிரந்தர வேலையும் சிறப்புப் பயிற்சிக்கு நேர்வழியும் இங்கே இருந்தால், அப்பா அம்மாவுக்கு அருகில் இருக்கவே பலர் விரும்புவார்கள் என்பதை எந்த இளம் மருத்துவரிடம் பேசினாலும் உணரலாம்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2011 ஜனவரியில் டேலண்ட்கார்ப் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். திரும்பி வரும் நிபுணருக்கு ஐந்தாண்டுகள் 15 சதவீத வருமான வரி, காருக்கு வரிச்சலுகை, வெளிநாட்டுத் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் நிரந்தர வசிப்புரிமை. உலக வங்கி ஆய்வாளர்கள் பிறகு இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே மலேசியாவில் வேலை கையில் இருந்தவர்களை இந்தச் சலுகை ஓரளவு நன்றாகவே அசைத்திருக்கிறது. வேலை நிச்சயமாகாதவர்களை அவ்வளவாக அசைக்கவில்லை. அதாவது திரும்பப் பாதி மனம் வைத்தவரைத் தள்ளிவிட்டிருக்கிறது. நல்லதுதான். ஆனால் வரிச்சலுகை உயர்ந்த சம்பளக்காரருக்குத்தான் பயன். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்துக்கொண்டு, போகலாமா இருக்கலாமா என்று தவிக்கும் தாதிக்கு அதில் ஒன்றுமில்லை. போனவரை அழைக்கத் தனி நிறுவனம் இருக்கிறது. இருப்பவரைத் தக்கவைக்க அதே அக்கறை வேண்டாமா?

இருந்தவர்களும் உண்டு. டாக்டர் மைக்கேல் ஜெயகுமார் தேவராஜ் நுரையீரல் மருத்துவர், ஈப்போ அரசாங்க மருத்துவமனையில் பணி செய்தவர். அந்தத் தகுதிக்கு உலகின் எந்த நகரமும் கதவைத் திறந்திருக்கும். அவர் சுங்கை சிப்புட்டின் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிரச்சினைக்கும் நிலப் பிரச்சினைக்கும் பின்னால் நடந்தார். 1999இலும் 2004இலும் தேர்தலில் தோற்று, 2008இல் அமைச்சராக இருந்த ச. சாமிவேலுவைத் தோற்கடித்தார். அரசியலில் அவரோடு உடன்படாதவர்கள் இருக்கலாம். ஒரு மருத்துவர் ஊரில் தங்குவது மருந்துச் சீட்டோடு முடிவதில்லை என்பதற்காக அவரைச் சொல்கிறேன். படித்தவர்கள் கிளம்பிப் போகும் ஊரில் பள்ளி வாரியத்துக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் கணக்கெழுதவும், மனு எழுதவும், அதிகாரியிடம் எழுந்து நின்று கேள்வி கேட்கவும் ஆள் குறைகிறது. பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள். பலவற்றில் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள்.

பெற்றோரின் நிலையை எந்த அறிக்கையும் போதிய அளவு சொல்வதில்லை. பேராக் முதியோர் விகிதம் கூடிய மாநிலம். சிலிபினிலும் புந்தோங்கிலும் மூன்று பிள்ளைகளும் பட்டதாரிகள் என்று பெருமைப்படும் வீட்டில், மருத்துவமனைக்குக் கூட்டிப்போக அடுத்த வீட்டுப் பையன்தான் வருகிறான். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகவே ஆஸ்திரேலியக் கடப்பிதழ் எடுத்த மகன் இந்நாட்டுக் குடியுரிமையையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. வெளிநாட்டவரை மணந்து வெளியே பிள்ளை பெற்ற மகளுக்கோ இன்னொரு துயரம்: தந்தை மலேசியராக இருந்தால் பிள்ளைக்குக் குடியுரிமை, தாய் மட்டும் மலேசியராக இருந்தால் நிச்சயமில்லை என்றே இருந்தது. அந்த விதியை மாற்றும் அரசியல் சட்டத் திருத்தத்தை 2024 அக்டோபரில்தான் மக்களவை நிறைவேற்றியது. எத்தனை பெண்கள் இத்தனை காலம் திரும்பி வராமல் இருந்ததற்கு இந்த ஒரு விதி காரணமோ!

இதற்கிடையில் பழைய தோட்டங்கள் காலியாக இல்லை. நம் தாத்தாக்கள் குடியிருந்த லயங்களில் இன்று இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் இருக்கிறார்கள். மலேசியா பயிற்சி பெற்றவர்களை ஏற்றுமதி செய்து, பயிற்சி இல்லாதவர்களை இறக்குமதி செய்கிறது என்று 2011 உலக வங்கி அறிக்கையே கவலைப்பட்டது. மலிவான கூலிக்கு ஆள் கிடைக்கும்வரை முதலாளி இயந்திரத்துக்கும் திறமைக்கும் செலவு செய்ய மாட்டார், சம்பளமும் ஏறாது. பட்டதாரியின் ஆரம்பச் சம்பளம் விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் 2010க்குப் பிறகு உயரவே இல்லை என்று பேங்க் நெகாராவும் சொல்லியிருக்கிறது.

கதவைத் திறப்பது என்றால் எங்கிருந்து தொடங்குவது? என்னைக் கேட்டால் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வை முடித்த மாணவரிடமிருந்து. மெட்ரிகுலேஷன் என்பது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஓராண்டுப் படிப்பு. அதில் 90 சதவீத இடம் பூமிபுத்திராக்களுக்கு, 10 சதவீதம் மற்றவர்களுக்கு. இடம் கிடைக்காதவர் எஸ்.டி.பி.எம். என்ற கடினமான ஒன்றரை ஆண்டுப் பாதையில் போய் அதே அரசாங்கப் பல்கலைக்கழக வாசலில் நிற்க வேண்டும். 10 ஏ எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று 2024இல் பிரதமர் அன்வார் அறிவித்தது நல்ல தொடக்கம். ஆனால் சித்தியவானிலோ பீடோரிலோ டியூஷன் இல்லாமல் படித்து 7 ஏ எடுத்த லாரி ஓட்டுநர் மகளுக்கு அந்த அறிவிப்பு எட்டாது. அரசாங்கப் பல்கலைக்கழகம் கைவிட்டால் அவள் வீட்டில் தனியார் கல்லூரிக் கட்டணத்தையும் கல்விக் கடனையும் மாதத் தவணையையும் தாளில் எழுதிப் பார்ப்பார்கள். உள்ளூர்ச் சம்பளத்தில் அந்தத் தவணை கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும், பதினெட்டு வயதிலேயே, இன்னும் படிக்கத் தொடங்காத பிள்ளைக்குச் சிங்கப்பூர் வேலை முடிவாகிவிடும். அந்த 10 சதவீத இடங்கள் யார் யாருக்கு, எந்த மதிப்பெண்ணுக்கு, எந்த வருமானக் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டன என்று கல்வி அமைச்சு ஆண்டுதோறும் மாநிலவாரியாக வெளியிடட்டும். 7 ஏ எடுத்தவளுக்கு ஏன் இடமில்லை என்று அவள் அப்பா கேட்டால், கையில் கொடுக்க ஒரு பதிலாவது இருக்கும்.